ஈலாட் பயிற்சி: பழைய தாள், ஏ லெவல் தாள், காசு கொடுத்த தாள், நாமே தொகுத்த தாள்

ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் படிக்க விண்ணப்பித்தவர்கள் 2007 முதல் ஈலாட் என்ற நுழைவுத் தேர்வை எழுதிவந்தார்கள். பிற்பாடு கேம்பிரிட்ஜும் சில ஆண்டுகள் அதைப் பயன்படுத்தியது. 2024-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதைக் கைவிட்டுவிட்டது. “அப்புறம் எதுக்கு அந்தப் பழைய தாளெல்லாம்?” என்று விண்ணப்பிக்கத் தயாராகும் அக்கா மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் நேர்காணலில் முன்பின் பார்த்திராத ஒரு கவிதையையோ உரைநடைப் பத்தியையோ கையில் கொடுத்துப் பேசச் சொல்லும் வழக்கம் நின்றுவிடவில்லை. கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் நேர்காணலை ஒட்டித் தாங்களே ஓர் எழுத்துத் தேர்வும் வைக்கின்றன. கேட்கப்படும் திறமை அதேதான். ஆகவே இரண்டு பேரும் உட்கார்ந்து, கிடைத்த நான்கு வகைப் பயிற்சித் தாள்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம்.

முதலில் அதிகாரப்பூர்வமான பழைய தாள்கள். தொண்ணூறு நிமிடம், ஒரே ஒரு கட்டுரை. ஒரு பொதுக் கருப்பொருளைத் தொட்டு ஆறு படைப்புப் பகுதிகள் தருவார்கள். கவிதை, உரைநடை, நாடகம் எல்லாம் கலந்திருக்கும், கால வரிசையில் அடுக்கியிருக்கும். அவற்றில் இரண்டையோ மூன்றையோ தேர்ந்தெடுத்து, அமைப்பு, மொழி, நடை ஆகியவற்றைக் கவனித்து ஒப்பிட வேண்டும். படிக்கவும் குறிப்பெடுக்கவும் மட்டுமே அரைமணி நேரம் செலவிடச் சொல்லும் தாள் அது. வேறு நூல்களையோ ஆசிரியர்களையோ மேற்கோள் காட்டினால் அதற்கென்று மதிப்பெண் கிடையாது என்றும் தாளிலேயே அச்சிட்டிருக்கும். இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தி, ஆளுக்கு 30 என்று மொத்தம் 60-க்கு மதிப்பெண் போட்டார்கள்.

இந்தத் தாளின் சூட்சுமம் கேள்வியில் இல்லை, தேர்வு செய்வதில் இருக்கிறது. முதல் தாளில் அவள் எடுத்தது இரண்டு சானெட்டுகள். இரண்டும் சுலபமாகப் புரிந்தன, இரண்டும் பதினான்கு வரி, இரண்டும் பிரிவைப் பற்றியவை. முக்கால் மணி நேரத்தில் பேனா நின்றுவிட்டது. ஒரே மாதிரியான இரண்டை வைத்துக்கொண்டு எத்தனை பத்திக்கு “இதிலும் அப்படித்தான்” என்று எழுதுவது?

அடுத்த தாளில் ஒரு நாடகக் காட்சியையும் ஒரு கவிதையையும் எடுத்தாள். நாடகத்தில் பேசுகிறவன் ஒரு வாக்கியத்தைக்கூட முடிப்பதில்லை. எதிரில் இருப்பவள் குறுக்கிடுகிறாள், இல்லையென்றால் அவனே பாதியில் விட்டுவிடுகிறான். கவிதையிலோ ஒரே வாக்கியம் ஐந்து வரிகளைத் தாண்டி ஓடி, ஆறாவது வரியின் நடுவில் போய் நிற்கிறது. ஒருவன் சொல்ல முடியாமல் தவிக்கிறான், இன்னொருவன் நிறுத்த முடியாமல் தவிக்கிறான். அந்த முற்றுப்புள்ளி எங்கே விழுகிறது என்பதை வைத்தே அவள் மூன்று பக்கம் எழுதிவிட்டாள். ஆறில் எந்த இரண்டு என்று முடிவெடுக்கும் இந்தப் பழக்கத்தை வேறு எந்த வாரியத் தாளும் தராது.

பழைய தாள்களோடு சில ஆண்டுகளுக்கு மாணவர்கள் எழுதிய மாதிரி விடைகளும் தேர்வாளர் குறிப்புகளும் வெளியாகியிருந்தன. என் கணக்கில், தாளைவிட இவைதான் புதையல். ஒரே ஒரு எச்சரிக்கை: நாமே ஒருமுறை எழுதிப் பார்க்காமல் இவற்றைத் திறக்கக் கூடாது. குறளைப் படிக்குமுன் உரையைப் படித்துவிட்டால், அப்புறம் குறளில் உரை சொன்னது மட்டும்தானே கண்ணில் படும்? அதே கதைதான். இந்த வகையின் குறை, எண்ணிக்கை. ஆண்டுக்கு ஒன்று என்று வந்தவை. இனிமேல் புதிதாக வரப்போவதும் இல்லை. அவசரப்பட்டால் மூன்றே வாரத்தில் தீர்த்துவிடலாம்.

இங்கிலாந்தின் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலின் தாள்களுக்கு அந்தப் பஞ்சம் இல்லை. அதை நடத்தும் வாரியங்களில் ஒன்றான ஏக்யூஏவின் ‘ஏ’ பாடத்திட்டத்தில் முதல் தாளின் ஒரு பகுதி, பார்த்திராத இரண்டு கவிதைகளை ஒப்பிடச் சொல்கிறது. ஈலாட்டுக்கு ஓரளவு நெருக்கமானது இதுதான். ஆனால் இரண்டும் காதல் கவிதைகள். அந்தத் தாளின் கருப்பொருளே அதுதான். போதாததற்கு ஜோடியையும் அவர்களே சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். இன்னொரு வாரியமான பியர்சனின் தாளில் ஒரு பக்கம் பார்த்திராத கவிதை, மறுபக்கம் பாடத்தில் ஏற்கெனவே படித்த கவிதை. ஆக, பாதி மனப்பாடம். பல நாடுகளில் நடக்கும் ஐபி பள்ளிப் படிப்பின் முதல் தாளில் உரைநடைக்கு நல்ல பயிற்சி கிடைக்கும், ஆனால் அதன் உயர்நிலைப் பிரிவை எடுத்த மாணவர்கள்கூட இரண்டு பகுதிகளைத் தனித்தனியாகத்தான் அலசுகிறார்கள், ஒப்பிடுவதில்லை. அதனால் இவற்றை முதல் இரண்டு வாரக் கை பழக்கத்துக்கு வைத்துக்கொண்டோம். திருத்தும் முறை விரிவாக அச்சில் கிடைப்பது மட்டும் பெரிய வசதி.

காசு கொடுத்து வாங்கிய மாதிரித் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன், ஆனாலும் மனசு கேட்கவில்லை. பெயர் எதற்கு, ஒரு பயிற்சி நிறுவனம். ஐந்து தாள், ஐந்து மாதிரி விடை. முதல் மாதிரி விடையின் முதல் பத்தி முழுக்கக் கவிஞரின் பால்ய காலமும் குடும்பக் கஷ்டமும். அமைப்பு, மொழி, நடையைக் கவனி என்று அசல் தாள் சொல்ல, இவர்கள் இதை முன்னுதாரணமாக நீட்டியிருந்தார்கள். பகுதிகளும் பெரும்பாலும் கடந்த நூறு ஆண்டுக்குள் வந்தவை. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தின் முன் மாணவர் திகைத்து நிற்கும் அந்த அனுபவமே இல்லை. ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும்: திருத்தித் தந்த ஆசிரியரின் குறிப்புகள் மட்டும் உருப்படியாக இருந்தன. காசைத் தாளுக்குக் கொடுக்காமல் திருத்துவதற்குக் கொடுத்திருக்கலாம்.

நான்காவது வழி, நாமே தொகுப்பது. எனக்குப் பிடித்ததும் இதுதான், எனவே கொஞ்சம் பாரபட்சம் இருக்கும். பொயட்ரி ஃபவுண்டேஷன் தளத்தில் கருப்பொருள் வாரியாகக் கவிதைகளைத் தேடலாம். பழைய நாவல்களும் நாடகங்களும் புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இணையதளத்தில் இலவசம். ஆனால் அங்கே கிடைப்பவை பெரும்பாலும் பதிப்புரிமை தீர்ந்தவை, அதனால் அண்மைக்கால எழுத்துக்கு நூலகத்தைத்தான் நாட வேண்டும். ‘கடிதம்’ என்று ஒரு கருப்பொருளை வைத்தேன். மூன்று கவிதை, இரண்டு நாவல் பகுதி, ஒரு நாடகக் காட்சி. ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்குள். நாவலிலிருந்து வெட்டுவதுதான் இடுப்பை ஒடிக்கும் வேலை. எங்கே தொடங்கினாலும் “இவர் யார்?” என்ற கேள்வி வந்து நிற்கிறது.

இதில் யார் தொகுக்கிறார்கள் என்பது முக்கியம். எழுதப்போகிறவரே தொகுத்தால் தனக்குப் பிடித்ததையும் புரிந்ததையும்தான் எடுப்பார், தாள் பல் இல்லாததாகிவிடும். அதே மாணவர் இன்னொருவருக்காகத் தொகுக்கும்போது கதையே வேறு. அக்கா மகள் எனக்காக ‘ஜன்னல்’ என்று ஒரு தாள் போட்டாள். எந்த இரண்டைச் சேர்த்தால் பொறி பறக்கும், எவை பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒட்டாது என்று யோசித்து யோசித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விட்டது. அதற்கு அடுத்த வாரம் அசல் தாளில் ஜோடி சேர்க்க அவளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் எழுதிய விடைக்கு அவள் போட்ட மதிப்பெண்ணை இங்கே சொல்வதாக இல்லை.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் “அந்தக் கால நடையில் ஒரு பத்தி எழுதிக் கொடு” என்றும் கேட்டுப் பார்த்தோம். எங்களுக்கு வந்ததில் உவமை வழவழவென்று ஓடியது, இடறும் இடமே இல்லை. இடறாத பத்தியில் எதைப் பிடித்துக்கொண்டு எழுதுவது? ஒரு நாளோடு விட்டுவிட்டோம்.

கடைசியில் எங்களுக்கு ஒத்துவந்த வரிசை இது: முதல் இரண்டு வாரம் ஏக்யூஏ ஜோடிகள், கடிகாரம் இல்லாமல். அப்புறம் வாரத்துக்கு ஒரு சொந்தத் தொகுப்பு, ஆளுக்கொரு முறை மாற்றி மாற்றி. அதற்கு நடுவே பத்து நாளைக்கு ஒரு அசல் தாள், கடிகாரம் வைத்து. எழுதி முடித்த மறுநாள்தான் தேர்வாளர் குறிப்பு. அசல் தாள்களில் இரண்டைத் தொடாமல் உறையில் போட்டு ஒட்டிவிட்டோம். அவற்றை நேர்காணலுக்கு முந்தைய வாரம்தான் பிரிப்பது என்று ஒப்பந்தம். ஒன்றை அவள் முன்கூட்டியே பிரித்துவிட்டாள் என்று எனக்கு ஒரு சந்தேகம், பசை புதிதாக இருக்கிறது.