எந்த வளைவுக்கு எந்த அடிமட்டம்? பேட்டர்ன் வரைபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மலையகத்தில் வீட்டிலேயே மெஷின் போட்டு சாரி ஜாக்கெட், பாடசாலைச் சட்டை, குளிருக்குப் போடும் கோட் என்று தைப்பவர்கள் ஏராளம். துணி வெட்டுவதற்கான பேட்டர்னைப் பேப்பரில் வரையும்போது, நேர்க்கோட்டை டேப்பையும் அடிமட்டத்தையும் வைத்து ஒழுங்காகப் போடுவார்கள். வளைவு என்று வந்ததும் கைப்போக்கில் விட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் ஒரு தட்டைக் கவிழ்த்துச் சுற்றி வரைவார்கள். தட்டின் வளைவு எங்கும் ஒரே அளவுதான். உடம்பில் அப்படி ஒரு வளைவு கிடையாது. கைவளைவு தோளிலிருந்து ஏறக்குறைய நேராக இறங்கி, கமக்கட்டுக்குக் கிட்ட வந்ததும் சட்டென்று இறுகித் திரும்பும். அதற்காகத்தான் வளைந்த அடிமட்டங்கள். ஆனால் எல்லா வளைவுக்கும் ஒன்றே போதும் என்று நினைத்து வாங்கினால் காசுதான் நட்டம். ஜாக்கெட், சட்டை தைப்பவர் முதலில் பிரெஞ்சு கேர்வ் (ஒரு முனை இறுகி வளைந்த அடிமட்டம்) வாங்க வேண்டும். பாவாடையும் காற்சட்டையும் அதிகமாகத் தைப்பவருக்கு ஹிப் கேர்வ் (நீளமாக, மெல்ல வளைந்த அடிமட்டம்) முந்தி. மற்றவை எல்லாம் இவற்றுக்குப் பிறகு.

பிரெஞ்சு கேர்வ்

புத்தகக் கடையில் இந்தப் பெயரைச் சொன்னால் மூன்று சிறிய பிளாஸ்டிக் துண்டுகள் கொண்ட செட்டைத் தரக்கூடும். அது தொழில்நுட்ப வரைபடத்துக்கானது. ஓரத்தில் அளவு இருக்காது, வளைவுகளும் மிகச் சுருக்கமானவை. குழந்தைச் சட்டையின் கொலர் மூலைக்கு உதவும், பெரியவர் கைவளைவுக்கு எட்டாது. தையலுக்கு வேண்டியது ஒரு முனை இறுகியும் மறுமுனை நீண்டு விரிந்தும் இருக்கிற, 30 செ.மீ. அளவுள்ள, வளைந்த ஓரம் முழுவதும் அளவு குறித்த தெளிவான பிளாஸ்டிக்.

இதன் அருமை கைவளைவில்தான் தெரியும். முதலில் புள்ளிகள்: தோள் முனை, மார்புக் குறுக்களவு (ஒரு கைவளைவிலிருந்து மற்றதுவரை குறுக்கே எடுக்கும் அளவு) முடியும் இடம், கமக்கட்டுப் புள்ளி. குறுக்களவு முடியும் இடத்திலிருந்து கீழே இறங்கும் கோடும் கைவளைவு ஆழக் கோடும் (கமக்கட்டு மட்டத்தில் குறுக்கே போகும் கோடு) சந்திக்கும் மூலையிலிருந்து 45 பாகையில் இன்னொரு புள்ளி. மார்பளவு 32 முதல் 36 இஞ்சி வரை உள்ளவருக்கு இந்த மூலைப் புள்ளியை முன்பக்கம் 2 செ.மீ., பின்பக்கம் 2.5 செ.மீ. தூரத்தில் வைத்துத் தொடங்கலாம். கை முன்னோக்கி அசைவதால் முன்பக்கத்தைக் கூடுதலாகக் குடைகிறோம். பின்பக்கம் மட்டமாக இருந்தால்தான் கையை நீட்டும்போது முதுகு இழுக்காது.

பிறகு அடிமட்டத்தின் இறுகிய முனையைக் கமக்கட்டுப் பக்கம் வைத்து, குறுக்களவுப் புள்ளி, மூலைப் புள்ளி, கமக்கட்டுப் புள்ளி மூன்றையும் தொடும் வரை நகர்த்த வேண்டும். மூன்றும் தொடாவிட்டால் வலுக்கட்டாயமாக ஒரே வைப்பில் வரையாதீர்கள். இரண்டு வைப்பில் வரையுங்கள், ஆனால் இரண்டாவது கோடு முதலாவதின் மேல் 2 செ.மீ. அளவாவது ஏறி ஓட வேண்டும். நுனியோடு நுனி ஒட்டினால் அந்த இடத்தில் முடிச்சுப் போல ஒரு முறிவு விழும். பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத அந்த முறிவு, கையை மூட்டியதும் சுருக்கமாக எழும்பும்.

கமக்கட்டில் கடைசி ஒரு செ.மீ. அளவு கோடு பக்கத் தையலுக்குச் செங்கோணமாக வந்து சேர வேண்டும். கழுத்திலும் அப்படித்தான்: முன் நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் 6 மி.மீ. ஆவது செங்கோணம் இல்லாவிட்டால், மடிப்பை விரித்ததும் வட்டக் கழுத்தின் நடுவில் கூர் ஒன்று நிற்கும்.

ஓரத்தில் அளவு எதற்கு என்று பலர் கேட்பார்கள். அதுதான் இந்தக் கருவியின் பாதிப் பயன். வலப்பக்க வளைவை எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை வரைந்தீர்கள் என்று பேட்டர்னிலேயே எழுதி வைத்தால், அடுத்த முறை அதே ஆளுக்கு அதே வளைவு வரும். கைவளைவின் நீளத்தையும், அடிமட்டத்தைக் கோட்டின் மேல் உருட்டியபடி எண்ணிக்கொண்டு போகலாம். கையின் தலைவளைவு (கைத்துண்டில் தோளோடு மூட்டும் மேல் வளைவு) அதைவிட எவ்வளவு கூட என்பதைப் பார்க்க இது வேண்டும். சாதாரண பருத்திக்கு 2 முதல் 2.5 செ.மீ. கூட இருந்தால் போதும். நுவரெலியாப் பக்கம் தைக்கிற கம்பளித் துணிக் கோட்டுக்கு 3 முதல் 4 செ.மீ. வரை விடலாம், நீராவி பட்டால் கம்பளி சுருங்கி இடங்கொடுக்கும். பருத்தியில் அந்தளவு விட்டால் தோளில் கொசுவம் விழும். கோட்டை வேறு உடுப்பின் மேல் போடுவதால் கைவளைவை 1 முதல் 2 செ.மீ. இறக்குவதும் வழக்கம். அப்போது பழைய எண்களோடு அடிமட்டத்தை அப்படியே கீழே இறக்கலாம், ஆனால் கையின் அகலத்தையும் கூட்ட மறக்கக்கூடாது.

ஹிப் கேர்வ்

60 செ.மீ. அல்லது 24 இஞ்சி நீளம், மெல்லிய வளைவு. இடையிலிருந்து (உடம்பு ஒடுங்கும் இடம்) இடுப்பு (அதற்குக் கீழே அகன்ற இடம்) வரையான பக்கத் தையல், காற்சட்டையின் உள்கால், பாவாடை விளிம்பு, கோட்டின் மார்பு மடிப்பு எல்லாம் இதன் வேலை. பிரெஞ்சு கேர்வால் இவற்றைத் துண்டு துண்டாகத்தான் வரைய முடியும். ஒவ்வொரு ஒட்டும் ஒரு முறிவு.

இதில் நடக்கும் தவறு பெரும்பாலும் முனையை மாற்றி வைப்பது. வளைவு கூடிய முனை இடைப்பக்கம் இருக்க வேண்டும். மட்டமான முனை இடுப்புக் கோட்டில், கீழே போகும் நேர்க்கோட்டோடு வழுக்கிச் சேர வேண்டும். மாற்றி வைத்தால் இடுப்பில் கொம்பு மாதிரித் துருத்தும். தொடைப் பக்கம் சதை அதிகமுள்ள உடம்புக்கு மட்டும் மாற்றி வைப்பது சரி. ஒரு துண்டின் பக்கத் தையலில் மட்டும் 3 செ.மீ.க்கு மேல் எடுக்க நேர்ந்தால் அதை அடிமட்டத்தால் தீர்க்க முடியாது. மீதியை டார்ட்டுக்கு (துணியைக் கூராக மடித்துத் தைக்கும் மடிப்பு) கொடுங்கள்.

எல் வடிவ டெய்லர் ஸ்கொயரின் ஒரு கை வளைந்திருக்கும். செங்கோணமும் நீள வளைவும் ஒன்றில் கிடைப்பதால் காற்சட்டை தைக்கும் கடைகளுக்கு நல்லது. சிலவற்றில் கால் பங்கு, எட்டிலொரு பங்கு எல்லாம் அச்சிட்டிருப்பதால் மார்பளவைப் பிரிக்கக் கணக்குப் போடத் தேவையில்லை. ஆனால் லயன் அறையில் ஒரு சின்ன மேசையில் வெட்டுபவருக்கு அதைத் திருப்பவே இடம் போதாது. கைவளைவுக்கும் அது உதவாது.

வளையும் கேர்வ்

உள்ளே ஈயம், மேலே ரப்பர் போன்ற உறை. நினைத்தபடி வளையும் என்பதால் இதைத்தான் பலர் முதலில் ஆசைப்படுவார்கள். இது வரைகிற கருவி அல்ல, பிரதி எடுக்கிற கருவி. நன்றாகப் பொருந்தும் பழைய காற்சட்டையின் கவட்டு வளைவை எடுக்க இதை மிஞ்ச ஒன்றுமில்லை. காற்சட்டையின் ஒரு காலை மற்றதற்குள் நுழைத்து, தையலோடு ஒட்டி அழுத்தி, பேப்பரில் வைத்துப் புள்ளிகளாகக் குறிக்க வேண்டும். கோடாக இழுத்தால் அலையடிக்கும், தூக்கும்போது முனைகள் கொஞ்சம் விரியவும் செய்யும். அந்தப் புள்ளிகளை நிலையான கேர்வால் இணைத்தால்தான் சுத்தமான வளைவு. இறுக்கமான திருப்பத்தில் இது மடங்காமல் மொட்டையாக நிற்கும் என்பதால் குழந்தை உடுப்புக்கு வேண்டாம். உறை கிழிந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். ஈயம் பிள்ளைகள் கையில் படக்கூடாது.

நீளம் அளக்க மட்டும் இதை வாங்குவதென்றால் தேவையில்லை. டேப்பைப் படுக்க வைக்காமல் ஓரத்தில் நிறுத்தி, கோட்டோடு நடத்திக்கொண்டு போனால் அதே அளவு வரும்.

பிளாஸ்டிக்கா, உலோகமா

பேப்பரில் வரைய தெளிவான பிளாஸ்டிக். கீழே இருக்கும் கோடு தெரிந்தால்தான் திருத்த வேலை நடக்கும். அச்சு அடிப்பக்கத்தில் இருப்பதாகப் பாருங்கள். மேல்பக்கத்தில் இருந்தால் பிளாஸ்டிக்கின் தடிப்பளவு கண் ஏமாறும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தால் துடைத்தால் பிளாஸ்டிக் மங்கும், எண்ணும் போய்விடும். சோப்புத் தண்ணீர் போதும்.

துணியின் மேல் சோக்கால் குறிக்கும்போது உலோகம் நல்லது. பாரம் இருப்பதால் நகராது. ஆனால் பூச்சில்லாத அலுமினியம் வெள்ளைத் துணியில் சாம்பல் கோடு விடும். பாடசாலை வெள்ளைச் சட்டை வெட்டுபவர்கள் ஒரு துண்டு வெள்ளைத் துணியில் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும். இரும்புக் கலவை என்றால் இந்த மூடுபனியில் துருப்பிடிக்கும். மர அடிமட்டம் ஈரத்தில் முறுகும். பிரவுன் பேப்பரும் மழைக்காலத்தில் அலையடிப்பதால், நீராவி இல்லாத அயன் பெட்டியால் ஒருமுறை தேய்த்த பிறகு வரையுங்கள். அலைந்த பேப்பரின் மேல் எந்த நல்ல கேர்வும் தவறாகத்தான் ஓடும்.

தையலுக்கு விடும் இடத்தை வரையும்போது கேர்வை ஒரு செ.மீ. வெளியே தள்ளி அதே வளைவை மறுபடி போடுவது பரவலான பழக்கம். அது பிழை. பக்கவாட்டில் தள்ளினால், நேராக இறங்கும் பகுதியில் ஒரு செ.மீ. கிடைக்கும், கமக்கட்டின் அடியில் ஒன்றுமே கிடைக்காது. கட்டம் போட்ட தெளிவான அடிமட்டத்தை வளைவுக்குச் செங்கோணமாக வைத்து, 2 செ.மீ.க்கு ஒரு புள்ளி வீதம் குறித்து, பிறகு இணைக்க வேண்டும்.

எல்லாம் ஒன்றில் இருக்கிறது என்று விற்கும் கலப்பு அடிமட்டத்தில் கைவளைவுப் பகுதி குட்டையாகவும் இடுப்புப் பகுதி இன்னும் குட்டையாகவும் இருக்கும். திருத்த வேலைக்குப் பையில் கொண்டுபோக நல்லது, பேட்டர்னை முதலிலிருந்து வரைய அல்ல. காசு இல்லாதவருக்கு அதைவிட நல்ல வழி உண்டு: பொருந்துகிற ஒரு பேட்டர்னின் கைவளைவைப் பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டி, முன், பின் என்று எழுதி வைத்துக்கொள்வது. அந்த ஓர் அளவுக்கு அது கடைக் கேர்வைவிடச் சரியாக வரும்.

புறக்கோட்டையிலோ கண்டியிலோ கையில் எடுத்துப் பார்த்து வாங்கினாலும், ஒன்லைனில் எடுத்தாலும், அளவை டேப்போடு ஒப்பிடுங்கள். கொப்பியில் சின்னதாக வரையும் மாணவர்களுக்கென்று நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு அளவில் அச்சிட்ட கேர்வ்களும் விற்கிறார்கள். படத்தில் பார்த்தால் முழு அளவுள்ளதிலிருந்து வித்தியாசம் தெரியாது. 12 இஞ்சி என்று குறித்த தூரம் 30.5 செ.மீ. இருக்க வேண்டும், அதில் 2 மி.மீ. பிசகினாலும் வேறொன்றை எடுங்கள்.