மூன்று முறை விளையாடிய பிறகு: ஆர்தர் மார்கன் யாருக்காக அந்த மலையில் நின்றான்?

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற வீடியோ கேம் வெளிவந்தது 2018 அக்டோபரில். சில மாதங்களிலேயே பிளேஸ்டேஷன் 4-இல் விளையாடி முடித்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு முறை, கடைசி முறை கம்ப்யூட்டரில். அதன் பனி, குதிரைகள், கிராபிக்ஸ் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு இத்தனை வருடங்களாக விடை மாறிக்கொண்டே இருந்த கேள்வி ஒன்றுதான்: அதன் கதாநாயகன் ஆர்தர் ஏன் உயிரைக் கொடுத்தான்? முடிவு வரைக்கும் சொல்லப்போகிறேன். இனிமேல்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கதை 1899-இல் நடக்கிறது. டச் வான் டெர் லிண்டேயின் கொள்ளைக் கூட்டத்தில் ஆர்தர்தான் வலது கை. கடன் வசூலிக்கப் போன இடத்தில் தாமஸ் டவுன்ஸ் என்ற நோயாளியை அடிக்கிறான். அந்த மனிதர் இருமியபோது ரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. அந்தக் காசநோயோடுதான் பிற்பாடு பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்கள் துரத்தும் மலையில் தனியாக நின்று, அதே கூட்டத்தைச் சேர்ந்த ஜான் மார்ஸ்டனைத் தப்பவிடுகிறான்.

முதல் முறை விளையாடியபோது இதைப் பாவத்துக்குப் பரிகாரம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். கேமின் பெயரிலேயே ரிடெம்ப்ஷன், அதாவது மீட்பு, இருக்கிறது. ஆனால் பரிகாரத்தை ஆர்தர் வேறு இடத்தில் செய்கிறான். டவுன்ஸின் மனைவி ஈடித்தைத் தேடிப் போய்ப் பணம் கொடுக்கும்போது, மன்னிப்பு எதிர்பார்த்து வரவில்லை என்கிறான். அந்தக் கணக்கு ஈடித்தோடு முடிகிறது. ஜானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நண்பர்கள் பலர் சொல்வது இன்னொன்று: "எப்படியும் சாகப் போகிறவன்தானே, அவனுக்கு என்ன நஷ்டம்?" இதை என்னால் ஏற்க முடியவில்லை. டாக்டர் அவனிடம் சொல்வது, வெப்பமான, ஈரமில்லாத இடத்துக்குப் போய் ஓய்வெடு என்றுதான். அந்தக் காலத்தில் அதுதான் வைத்தியம். காசநோயைக் குணப்படுத்திய முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆக, ஆர்தர் கையில் மிச்சம் இருந்தது கொஞ்ச நாட்கள் மட்டுமே. அதையும் வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிட்டான். ஆறாவது அத்தியாயத்தில் அவனுக்கு எவ்வளவு கறி சமைத்துக் கொடுத்தாலும் உடம்பு தேறாது, ஓடவிட்டால் இருமல் வரும். எனக்கு அவனை ஓட வைக்கவே மனசு வராது. அந்த நாட்கள் எவ்வளவு அருமையானவை என்று விரல்களுக்கே தெரிந்துவிடும்.

என் கருத்து மாறியது சப்டைட்டிலால். முதல் முறை சப்டைட்டில் போடாமல் விளையாடினேன். அந்த மேற்கத்திய உச்சரிப்பில் பாதி புரியவில்லை. அதுவும் குதிரையில் போகும்போது பேசுவதெல்லாம் காற்றோடு போய்விட்டது. ரயில் நிலையத்தில் சிஸ்டர் கால்டெரோன் என்ற கன்னியாஸ்திரியிடம், எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஆர்தர் ஒப்புக்கொள்ளும் காட்சி மட்டும் நினைவில் நின்றது. அதே காட்சியில், எனக்கு ஒரு மகன் இருந்தான், இறந்துவிட்டான் என்றும் சொல்கிறான். எந்த மகன்? முதல் முறை எனக்குத் தெரியவே இல்லை.

மூன்றாவது முறைதான் தெரிந்தது. பழங்குடித் தலைவர் ரெயின்ஸ் ஃபாலோடு போகும் மிஷனில், அதாவது கேமின் ஒரு கட்டத்தில், ஆர்தர் சொல்கிறான். எலைசா என்ற பெண், ஹோட்டலில் பரிமாறுபவள். அவளுக்குப் பிறந்த பையன் ஐசக். சில மாதங்களுக்கு ஒருமுறை போய்ச் சில நாட்கள் தங்கிவிட்டு வருவானாம். ஒருநாள் போனபோது வீட்டுக்கு வெளியே இரண்டு சிலுவைகள். பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. கொள்ளையர்கள் கொன்றுவிட்டார்கள், பத்து டாலருக்காக. மகனைப் பறிகொடுத்த இன்னொரு தகப்பனிடம்தான் இதைச் சொல்கிறான். தன் கூட்டத்தில் வேறு யாரிடமும் மனம் திறந்து சொல்லி நான் கேட்கவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு முதலிலிருந்து ஆடினால், ஜான் மேல் ஆர்தருக்கு இருக்கும் எரிச்சலின் அர்த்தமே வேறாகிவிடுகிறது. மகன் ஜாக் பிறந்த பிறகு ஜான் ஒரு வருடம் கூட்டத்தை விட்டுப் போயிருந்தான். ஆர்தர் அதைக் குத்திக்காட்டிக்கொண்டே இருப்பான். கூட்டத்துக்குச் செய்த துரோகம் என்ற கோபம் என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால், உயிரோடு இருக்கும் மகனை விட்டுவிட்டுப் போனவனைத்தான் அவனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் நாலு வயது ஜாக்கை மீன் பிடிக்க அழைத்துப் போகும் இடத்தில், குழந்தை மீனை விட்டுவிட்டுப் பூ பறித்து மாலை கட்டிக்கொண்டிருக்கும். ஆர்தர் திட்டமாட்டான். முதல் முறை அந்த மிஷனைச் சீக்கிரம் முடித்துவிடப் பார்த்தேன். இப்போது தூண்டிலைப் போட்டுவிட்டுச் சும்மா நிற்கிறேன்.

கடைசியில் மலையில், இனி என்னால் முடியாது, நீ போ என்கிறான். அதோடு, நீ போனால் அது எனக்குப் பெரிய விஷயம் என்று கெஞ்சுகிறான். உனக்காக என்று சொல்லவில்லை, எனக்கு என்கிறான். தன் தொப்பியையும் பையையும் கொடுத்து, போய் ஆம்பளையா இரு என்று விரட்டுகிறான். நான் அதை, போய் அந்தப் பையனுக்கு அப்பாவாக இரு என்றே கேட்கிறேன். ஐசக்குக்கு அவனால் கொடுக்க முடியாமல் போனதை ஜாக்குக்கு ஜான் வழியாகக் கொடுக்கிறான். ஜான் அவனுக்குத் தம்பி மாதிரிதான், அந்தப் பாசமும் உண்மைதான். ஆனால் அடியில் ஓடுவது இது.

இதற்குச் சாட்சியாக இரண்டாவது ஆட்டத்தைச் சொல்வேன். அந்த முறை வேண்டுமென்றே கெட்டவனாக, வழியில் வந்தவர்களையெல்லாம் கொள்ளையடித்து, ஹானரை, அதாவது நல்லது கெட்டது செய்வதற்குக் கேம் போடும் மதிப்பெண்ணை, அடிமட்டத்துக்குக் கொண்டுபோய் ஆடினேன். அப்போதும் ஆர்தர் ஜானை அனுப்பிவைக்கிறான். பணத்துக்காகத் திரும்பிப் போகும் வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் ஜானைத் தப்பவிட்டுத்தான் போவான். ஹானரைப் பொறுத்து மாறுவது அவன் சாகும் விதம்தான். நல்லவன், கெட்டவன் என்ற அளவுகோலுக்குள் அடங்காத காரணம் இருப்பதால்தானே எந்த ஆர்தரும் அதையே செய்கிறான்? இந்தக் கேமில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அந்த ஹானர் மீட்டர். இவ்வளவு நுணுக்கமாக எழுதிய மனிதனுக்குப் பக்கத்தில் அது மார்க் ஷீட் மாதிரி நிற்கிறது.

அப்புறம், 2010-இல் வந்த முதல் கேமை ஆடியவர்களுக்குத் தெரியும், 1911-இல் ஜானும் இதேபோல மனைவியையும் மகனையும் அனுப்பிவிட்டுத் துப்பாக்கிகளின் முன்னால் போய் நிற்கிறான். பிறகு ஜாக்கும் துப்பாக்கி எடுக்கிறான். ஆர்தர் உயிர் கொடுத்து வாங்கியது பன்னிரண்டு வருடம்தான். அதனால் அது வீண் என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஐசக்குக்குக் கிடைத்ததோ சில மாதங்களுக்கு ஒருமுறை சில நாட்கள்.

ஆர்தர் ஐசக்கைப் பற்றிப் பேசும் மிஷனின் பெயர் 'ஆர்க்கியாலஜி ஃபார் பிகினர்ஸ்'. அவன் இறந்து எட்டு வருடம் கழித்து, 1907-இல் நடக்கும் பகுதியில் ஒரு மிஷன் வருகிறது. பன்னிரண்டு வயது ஜாக்கை ஜான் தன்னோடு அழைத்துப் போகிறான். பையனிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் தடுமாறுகிறான், பேசிப் பார்க்கிறான். அதன் பெயர் 'ஃபாதர்ஹுட், ஃபார் பிகினர்ஸ்'. மூன்றாவது முறை திரையில் அந்தப் பெயர் வந்தபோது கண்ட்ரோலரைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன்.