டிராக்டரை 12 வோல்ட்டுக்கு மாத்தப் போறீங்களா? ரெண்டு மாசச் சம்பளத்தைத் தொலைச்சவன் சொல்றேன், படிங்க

நேத்து ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. வயிறு எரியுது.

என்கிட்ட இருக்கறது 1952 ஃபோர்டு 8என். கம்பெனியிலேயே 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியோட பிளஸ் முனைதான் வண்டி பாடியில சேர்ந்திருக்கும்). பேட்டரியை சார்ஜ் பண்ற டைனமோ ஓய்ஞ்சு போச்சு. சரி, 12 வோல்ட்டுக்கே போயிடலாம்னு, பழைய டிராக்டர் சாமான் மட்டும் விக்கிற ஒரு ஆன்லைன் கடையில, டைனமோவுக்குப் பதிலா வர்ற ஆல்டர்னேட்டர், ஸ்பார்க்குக்கு வோல்ட்டேஜை ஏத்தற காயில்னு முழு செட்டும் வாங்கினேன். ரெண்டு மாசச் சம்பளம்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி போன் போட்டேன். எடுத்தவர் துளியும் அவசரப்படலை. "டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கமா, சைடுலயா சார்?"னு கேட்டார். ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரிச்சு அனுப்பறது அது, 8என்ல ரெண்டு விதமும் உண்டு. அந்த ஒரு கேள்வியிலதான் விழுந்தேன். வேலை தெரிஞ்சவங்கதானே அதைக் கேப்பாங்க! அவரே சொன்னார், "12 வோல்ட் காயில் செட்டுலயே வருது, கரண்ட்டைக் குறைக்கிற ரெசிஸ்டர் தனியா வேண்டாம். கண்ணை மூடிட்டு மாட்டுங்க சார்."

எர்த்தை நெகட்டிவுக்கு மாத்தினேன், சார்ஜ் ஏறுதா இறங்குதான்னு காட்டற ஆம்மீட்டரோட வயரை இடம் மாத்தினேன். வண்டி ஓடுச்சு. ஆனா எவ்வளவு ரேஸ் பண்ணியும் பேட்டரியில 12.3 வோல்ட்தான். ஆல்டர்னேட்டர் வேலை செஞ்சா 14 காட்டணும். இருபது நிமிஷத்துல மிஸ்ஸடிச்சு நின்னுடுச்சு. காயில்ல கை வைக்க முடியலை, மூடி ஓரத்துல எண்ணெய் கசியுது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள காயில் கரண்ட்டை விட்டு விட்டு வெட்டற பாயிண்ட் கருகி நீலமாயிருக்கு. ஸ்டிக்கரை நகத்தால சுரண்டினேன். அடியில தகரத்துல குத்தியிருக்கு: 6 வோல்ட். 1.5 ஓம் மின்தடை உள்ள காயில் அது. 4 ஆம்பியர் போக வேண்டிய இடத்துல 8 போயிருக்கு.

முதல் போனுக்கு, "எர்த்தை மாத்தாம மாட்டியிருப்பீங்க." போட்டோ அனுப்பினேன். "எலக்ட்ரிக்கல் சாமான் மாட்டிட்டா ரிட்டர்ன் கிடையாது சார்." அடுத்து, "மெக்கானிக் மாட்டின பில் இருக்கா?" இப்போ ரெண்டு ரிங்குல கட் பண்றாங்க. ரெண்டு மாசச் சம்பளம்ங்க!

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், மனசு ஒட்டலை. இது மட்டும்: காயிலை மாட்டறதுக்கு முன்னாடியே ஓம் பாருங்க. 12 வோல்ட்டுக்கு 3 ஓம் பக்கம் இருக்கணும். குறைஞ்சா ரெசிஸ்டர் இல்லாம ஓட்டாதீங்க. பல்பையும் 12 வோல்ட்டுக்கு மாத்துங்க. பழைய செல்ஃப் மோட்டார் தாங்கும், நீளமா அடிக்காதீங்க. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. புதுசு ஒழுங்கா ஓடற வரைக்கும் பழைய டைனமோவை இரும்புக்குப் போடாதீங்க. நான் போட்டுட்டேன்.