அல்பேனியா செல்ஃப் டிரைவ் பேக்கேஜ்: சென்னையில் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

அல்பேனியாவில் நீங்களே கார் ஓட்டிக்கொண்டு கடலையும் மலையையும் சுற்றிவரலாம் என்று சென்னையில் பேக்கேஜ் விற்கிறார்கள். நாட்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மேற்கே அட்ரியாட்டிக், தென்மேற்கே அயோனியன் கடல், வடக்கே வானை முட்டும் மலைகள், கையைக் கடிக்காத செலவு. என் புகாரெல்லாம் தி.நகரில் கண்ணாடிக் கதவு போட்டு உட்கார்ந்திருக்கும் ஓர் அலுவலகத்தின் மீதுதான். விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை.

“ஆர்.டி.ஓ. ஆபீசுக்கெல்லாம் நீங்கள் எதற்கு சார் அலைய வேண்டும்? இன்டர்நேஷனல் லைசென்ஸை நாங்களே எடுத்துத் தந்துவிடுகிறோம்” என்று சொல்லி, எனக்கும் மச்சினனுக்கும் ஆளுக்கு 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். கூரியரில் வந்தவை இரண்டு பிளாஸ்டிக் அட்டைகள். உலக உருண்டை, மின்னும் ஹோலோகிராம், பொன்னிற எழுத்துகள் என்று ஜம்பத்துக்குக் குறைவில்லை. எந்த அரசு கொடுத்தது என்பதற்கு மட்டும் ஓர் எழுத்துகூட இல்லை.

டிரானா விமான நிலையத்தில் வாடகைக் கார் கவுண்டரில் இருந்த பெண்மணி அட்டையை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். மேசைமேல் வைத்து ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினார். “புக்லெட் எங்கே?” என்றார். இதுதான் என்னிடம் இருக்கிறது என்றேன். அவர் இழுப்பறையைத் திறந்து, நிபந்தனைத் தாளில் ஒரு வரியை எடுத்துக் காட்டினார்: சொந்த நாட்டு அரசோ, அது அங்கீகரித்த அமைப்போ வழங்கிய அனுமதிப் புத்தகம் வேண்டும். வாக்குவாதத்துக்கு இடமே இல்லை. முன்பணமாகக் கட்டிய வாடகையும் திரும்ப வராது என்றார். நாங்கள் பெட்டிகளோடு நிற்க, பின்னால் இருந்த குடும்பம் சாவியை வாங்கிக்கொண்டு போனது.

உண்மையான சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இந்தியாவில் நம் ஆர்.டி.ஓ. அலுவலகமே தருகிறது. அரசின் சாரதி இணையதளத்தில் படிவம் 4ஏ நிரப்பி, 1,000 ரூபாய் கட்டணம் செலுத்தினால் போதும், ஓராண்டுக்குச் செல்லும். அதற்குத் தரகரே தேவையில்லை.

அடுத்து அவர்கள் கொடுத்த பயணத் திட்டம். அதில் ஒரு நாளுக்கு எதிரே, “தெத் – வல்போனா, கார், ஒரு மணி நேரம்” என்று அச்சடித்திருந்தார்கள். இரண்டும் வடக்கு மலைகளில் உள்ள ஊர்கள். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகள்போல ஒட்டிக்கொண்டிருக்கும். இடையில் கார் போகும் சாலையே கிடையாது! இருப்பது மலையேற்றப் பாதை. நடந்து கடக்க ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். காரில் போக வேண்டுமானால் ஷ்கோடர் நகரம் வரை திரும்பி வந்து, கோமான் ஏரியில் படகேறி, மறுகரையிலிருந்து மீண்டும் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் கொசோவோ வழியாகச் சுற்ற வேண்டும். அப்படி எல்லை தாண்டுவதற்கு வாடகை நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. மலையேறுபவர்கள் எழுதிய குறிப்பை எங்கிருந்தோ எடுத்து, “நடை” என்ற சொல்லை அழித்துவிட்டு “கார்” என்று போட்டிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

மறுநாளுக்கு இன்னும் பெரிய வேடிக்கை. வல்போனாவிலிருந்து தென்கோடியில் உள்ள சரண்டாவுக்கு, வழியில் பெராட் நகரைப் பார்த்துவிட்டு, மாலைக்குள் போய்ச் சேர வேண்டுமாம். நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை! இதை எழுதியவர் பெராட்டுக்கு மதிய உணவு நேரத்தை வேறு ஒதுக்கியிருந்தார்.

எப்படியோ டிரைவரோடு ஒரு வண்டியைப் பிடித்து, தெற்குக் கடற்கரையை மட்டும் பார்த்துத் திரும்பினோம். லோகாரா மலையைக் குடைந்து 2024-இல் சுமார் 6 கிலோமீட்டர் சுரங்கப்பாதை திறந்துவிட்டார்கள். ஜி.பி.எஸ். அதற்குள்தான் இழுத்துக்கொண்டு போகும். ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய கணவாய்ச் சாலையைக் கேட்டுப் போக வேண்டும் என்று டிரைவர்தான் சொன்னார். எங்கள் திட்டத் தாளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“ஃபுல் இன்ஷூரன்ஸ்” என்று அவர்கள் விற்றதில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் எதுவும் அடங்கவில்லை. “டெபாசிட் இல்லை” என்றதும் பொய். டெபாசிட்டைப் பிடித்துவைக்க ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்று அதே நிபந்தனைத் தாள் சொன்னது.

திரும்பி வந்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜுக்கு டி.சி.எஸ். வரி (விற்பவரே நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பது சட்டப்படி சரிதான். அந்தத் தொகை நம் பான் எண்ணில் வருமான வரித் துறையின் 26ஏ.எஸ். படிவத்தில் ஏறும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். எங்கள் ரசீதில் டி.சி.எஸ். என்று தனி வரியே இருந்தது. காலாண்டு முடிந்து, அவர்கள் கணக்குக் கொடுக்க வேண்டிய கெடுவும் தாண்டிய பிறகு பார்த்தேன். என் 26ஏ.எஸ்.-இல் அந்தப் பெயரில் ஒரு பைசா ஏறவில்லை. அலுவலகத்தில் கேட்டால், “ஆடிட்டர் ஊரில் இல்லை சார்” என்கிறார்கள். அவர் எப்போது ஊருக்கு வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தும் பலனில்லாததால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், கவுண்டரில் வாங்கிய மறுப்புக் கடிதம், அந்த இரண்டு அட்டைகள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். அவர்கள் தரப்பிலிருந்து வந்த பதிலில், அந்த அட்டைகள் “பேக்கேஜோடு வழங்கப்பட்ட அன்பளிப்பு” என்று எழுதியிருக்கிறார்கள். 13,000 ரூபாய்க்கு அவர்களே கொடுத்த ரசீதின் நகலை அடுத்த வாய்தாவில் தருகிறேன்.