ஏற்காட்டில் இரவு தங்க: எஸ்டேட் பங்களாவா, ஏரிக்கரை ஓட்டல் தமிழ்நாடா?

சேலத்துக்காரர்களில் பலர் ஏற்காட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியிருக்க மாட்டார்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஊர் வந்துவிடும். காலையில் போய் ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் பார்த்து, மிளகும் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பலாம். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் டூரிஸ்ட் வேன்களெல்லாம் இறங்கிப் போன பிறகு மலை வேறு மாதிரி இருக்கும். அதைப் பார்க்கத் தங்கத்தான் வேண்டும். எங்கே தங்குவது என்று சொந்தக்காரர்கள் கேட்டால் இரண்டு இடங்களைத்தான் எடைபோட்டுச் சொல்வேன். ஒன்று வெள்ளைக்காரர் காலத்து எஸ்டேட் பங்களா. இன்னொன்று தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு. நீச்சல் குளம் வைத்த புது ரிசார்ட்டுகளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அவை எந்த மலையில் இருந்தாலும் ஒன்றுதான்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். அந்தப் பங்களாக்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அவரை அடுத்து வந்த தோட்ட முதலாளிகள் குடும்பத்தோடு வாழ வீடு கட்டினார்கள். அதனால்தான் சுவர் அவ்வளவு தடிமன், கூரை அவ்வளவு உயரம், முன்னால் நீள வராண்டா, ஹாலில் கணப்பு. சில வீடுகளை இன்றைய உரிமையாளர்கள் கெடுக்காமல் வைத்திருந்து, இரண்டு மூன்று அறைகளையோ முழு வீட்டையோ விருந்தினருக்கு விடுகிறார்கள். இடித்துத் தள்ளி அடுக்குமாடி எழுப்புவது சுலபமாக இருக்கும்போது, ஓடு மாற்றி, மரம் செப்பனிட்டு ஒரு பழைய வீட்டைக் காப்பாற்றுகிறவர்களுக்கு நாம் கொடுக்கும் வாடகை நல்ல காரியத்துக்குத்தான் போகிறது.

அங்கே அறையைவிட வராண்டாதான் பெரிது. சாயங்காலம் பனி இறங்கி, சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளும் ஒவ்வொன்றாக மறைவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் காப்பி பூக்கும். மல்லிகையை ஒத்த அந்த வாசனை சில நாள்தான் நிற்கும். தோட்டத்து நடுவில் தூங்கினால் அது ஜன்னல் வழியே வந்து எழுப்பும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் பறிப்பு நடக்கும். களத்தில் கொட்டை காயும்.

சங்கடங்களும் உண்டு. ஓட்டுக்கூரையில் எலி ஓடும். மழை மாதங்களில் மெத்தையில் ஈர வாடை அடிக்கும், தோட்டத்தில் நடந்தால் காலில் அட்டை ஏறும். மரக்கிளை விழுந்து கரண்ட் போனால் சீக்கிரம் வராது. ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் யானை இல்லை. ஆனால் காட்டெருமை தோட்டத்துக்குள் வந்து போகும், ஆகவே இருட்டிய பிறகு வெளியே உலாவக் கூடாது. புக் செய்யும்போதே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: சமையலுக்கு ஆள் உண்டா, வீடு வரை சின்ன கார் போகுமா, கணப்பின் புகைபோக்கியைச் சுத்தம் செய்திருக்கிறார்களா. கணப்பு இல்லையே என்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

ஓட்டல் தமிழ்நாடு பற்றிச் சொல்ல இவ்வளவு இல்லை, அதுவே அதன் பலம். ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. படகுத்துறை, அண்ணா பூங்கா, சாப்பாட்டுக் கடை எல்லாம் நடக்கிற தூரம். பஸ்ஸில் வருகிறவர்களுக்கும், முட்டிவலியோடு வரும் பெரியவர்களுக்கும், அடிக்கடி பசிக்கிற குழந்தைகளுக்கும் இதுதான் சரி. அவசரத்துக்கு மருந்துக் கடைக்கு ஓடவும் முடியும். ஆனால் மே மாதக் கோடை விழா நாள்களிலும் சனி, ஞாயிறிலும் ஏரிக்கரைச் சத்தம் அறை வரைக்கும் வரும்; சேலத்துக் கடைவீதியை விட்டு வந்த பலனே இருக்காது.

ஊர் சுற்றுவதுதான் திட்டம் என்றால் பங்களாவுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பகல் முழுக்க வெளியே இருந்துவிட்டு, ராத்திரி களைத்துப் போய்ப் படுக்க அந்த வீடு வேண்டாம். இரண்டு குடும்பம் சேர்ந்து, வார நாளில், எங்கேயும் போகாமல் வீட்டிலேயே இருக்கலாம் என்று முடிவெடுத்தால் தயங்காமல் பங்களாவை எடுங்கள். வாடகையைப் பங்கிட்டால் தலைக்கு அவ்வளவு பாரமாகவும் இருக்காது. என் மனம் எப்போதும் பங்களா பக்கம்தான். ஆனாலும் வயதான அப்பா அம்மாவை மழைக்காலத்தில் அழைத்துப் போவதானால் ஏரிக்கரையைத்தான் சொல்வேன்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை எதை எடுத்தாலும், கிளம்பும் அன்று காலையில் மலைப்பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு ஏறுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதையில் போக்குவரத்து நின்றது. குப்பனூர் வழி என்று இன்னொரு பாதை உண்டு. ஆனால் அந்த மாதிரி மழையில் அதையும் நம்ப முடியாது. பாதை மூடினால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.