துண்டு ஏணியை மரத்தில் கட்ட எந்தக் கயிறு? நாலு வருஷ அனுபவம்

எங்கள் கொல்லை தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் வழியில் இருக்கிறது. காட்டோரம். ராகி கதிர் முற்றும் நேரத்தில் யானையும் காட்டுப்பன்றியும் இறங்கும். அதனால் ஐப்பசி பிறந்தால் அறுவடை முடியும் வரை ராத்திரி காவல்தான். கொல்லை நடுவில் ஒரு பழைய புளியமரம், அதில் 18 அடி உயரத்தில் பரண். அப்புறம் மாசி, பங்குனியில் அதே மரத்தில் புளி உலுக்க ஏற வேண்டும். ஆக வருஷத்தில் பாதி நாள் இந்த மரத்தில் ஏறி இறங்குவதே வேலை.

முன்பு ஒத்தை மூங்கிலில் கணுக்கிளைகளை விட்டு வெட்டிய ஏணி வைத்திருந்தோம். மழையில் வழுக்கும், அடியைக் கரையான் தின்னும், 20 அடி மூங்கிலை ஒரு ஆள் தூக்கி நிறுத்த முடியாது. பெங்களூரில் வேலை பார்க்கும் தங்கச்சி மகன்தான் துண்டு ஏணியின் படத்தைக் காட்டினான். அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தில் ஏற வைத்திருக்கும் சாமான் அது. ஒரு குழாய், இரண்டு பக்கமும் மிதிக்கப் படி, மரத்தைக் கவ்வ ஒரு கவை. மூன்று நான்கு துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டே ஏறுவார்கள். நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை கிடையாது. ஆனால் மரம் ஏறுவது எல்லோருக்கும் ஒரே வேலைதானே. 2021 தை மாதம் ஓசூரில் ஒரு பட்டறையில் மூன்றடி நீளத்தில் நாலு துண்டு செய்து வாங்கினேன். ஒன்றரை அடி இடைவெளி விட்டுக் கட்டினால் சரியாகப் பரண் வரை வரும்.

ஏணியில் இந்த நாலு வருஷத்தில் ஒரு குறையும் இல்லை. வெல்டிங் ஒரு இடத்திலும் விடவில்லை. பாடாய்ப் படுத்தியது கயிறுதான்.

முதலில் வீட்டில் இருந்த தேங்காய் நார்க் கயிற்றால் கட்டினேன். நார் சொரசொரப்பு, புளியமரப் பட்டையும் சொரசொரப்பு, இரண்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ராத்திரி பனியில் ஊறி, பகல் வெயிலில் காய்ந்து, நாலைந்து நாளில் கட்டு தளர்ந்துவிடும். தினமும் அவிழ்த்துக் கட்டப் பொறுமை இருப்பவர்களுக்கு அது போதும். மாட்டுக்கும் கிணற்றுக்கும் வாங்கும் நீலக் கலர் பிளாஸ்டிக் கயிற்றை இதற்குத் தொடவே தொடாதீர்கள். ஒரு கோடை வெயில் பட்டாலே நார் நாராக உதிரும். 

அடுத்தது நைலான். 10 மி.மீ. கயிறு, கடையில் எடை போட்டுத் தருவார்கள். ஒரு ஆளை என்ன, ஒரு மாட்டையே தாங்கும் என்று நம்பித்தான் வாங்கினேன். அந்தக் கார்த்திகையில் ஒரு விடியற்காலை, பரணிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது துண்டில் கால் வைத்து முழு எடையும் இறக்கியதும் ஏணி மெதுவாக, சத்தமே இல்லாமல், என்னோடு சேர்ந்து கீழே இறங்கியது. நாலு விரல்கடை இருக்கும். மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கீழே சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த பெரியப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, கட்டு எறங்குது. காலை மாத்திப் போடு, படியில நிக்காத" என்று கத்தினார்.

கீழே வந்து பார்த்தால் கயிற்றில் ஒரு கீறல் இல்லை, முடிச்சும் அவிழவில்லை. அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மரத்தைச் சுற்றிப் படுக்கையாகக் கட்டிய கயிறு, ஏணியைக் கீழே மிதிக்கும்போது முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்து சாய்கிறது. சாயச் சாயச் சுற்று நீளமாகக் கேட்கும். கயிறு நீளாவிட்டால், கவை மரத்துக்குள் இன்னும் அழுந்திக் கவ்விக்கொள்ளும். நம் எடையே கட்டை இறுக்கும். நைலானோ இழுத்தால் நீளும் சாதி, ஈரம் பட்டால் இன்னும் நீளும். நாம் இறுக்க நினைக்கும்போது அது இடம் கொடுத்துக்கொண்டே போகிறது. ஏணி கட்டும் கயிறு அறாமல் இருந்தால் போதாது, நீளாமல் இருக்க வேண்டும். கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்புறம் லாரியில் பாரம் கட்டும் ராட்செட் பெல்ட் வாங்கினேன். பாலியஸ்டர் பட்டை, அதிகம் நீளாது. நாலு தடவை கைப்பிடியை ஆட்டினால் ஏணி மரத்தோடு மரமாகிவிடும். பிடிமானம் என்று பார்த்தால் இன்று வரை இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. ஒன்றரை வருஷம் வைத்திருந்தேன். ஆனால் ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதை அவிழ்க்க முடியாது. மழைக்காலம் முடிந்ததும் பல்சக்கரம் துருப்பிடித்து, புளியம்பிசுக்கும் தூசியும் சேர்ந்து இறுகிவிட்டது. இரும்பு இரும்பில் இடிக்கும் சத்தம் வேறு. பன்றி வரும் வழியில் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சத்தம் ஊருக்கே கேட்கும். ஒரு விஷயம் என் மனதை உறுத்தியது. கோடை முழுக்கக் கழற்றாமல் விட்ட ஒரு பெல்ட் மரப்பட்டையில் பதிந்து பள்ளம் பண்ணியிருந்தது. பட்டைக்கு உள்ளேதான் மரத்துக்குச் சாப்பாடு போகிறது. சுற்றிலும் நெரித்து வைத்தால் மரம் மெல்லச் செத்துப்போகும். தாத்தா வைத்த மரம் அது. என்ன கட்டினாலும் காவல் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

இப்போது இரண்டு வருஷமாக நான் வைத்திருப்பது 10 மி.மீ. பாலியஸ்டர் கயிறு. வெளியே பின்னலுறை போட்டது. நீளம் கொடுப்பது மிகக் குறைவு, தண்ணீரும் அதிகம் குடிக்காது. முடிச்சுக்குப் பதில், படகில் கயிறு கட்டுவார்களே, அது மாதிரி இரண்டு கொம்பு வைத்து ஒவ்வொரு துண்டிலும் வெல்டிங் அடித்துக்கொண்டேன். கட்டுவது இப்படி: கயிற்றின் ஒரு முனையில் நிரந்தரக் கண்ணி. அதைக் குழாயில் சுற்றி, கண்ணிக்குள்ளேயே மறுமுனையை விட்டு இழுத்துச் சுருக்கிவிடுகிறேன். அது எப்போதும் ஏணியோடே இருக்கும். மறுமுனையை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, கொம்பின் அடியில் ஒரு முழுச்சுற்று போட்டு, ஏணியை இரண்டு அங்குலம் மேலே தூக்கிப் பிடித்தபடி கயிற்றை இழுக்க வேண்டும். பிறகு கொம்புகளில் எட்டுப் போல இரண்டு மடக்கு, கடைசி மடக்கைத் திருப்பிப் போட்டுப் பூட்டு. இனி கீழ்ப்படியில் கால் வைத்து ஓங்கி ஒரு மிதி. கவை 'கர்ர்' என்று பட்டையில் உட்காரும். பின்பக்கக் கயிறு முன்பக்கத்தைவிட இரண்டு விரல் உயரத்தில் நின்றால் கட்டு சரி. கொம்பில் மடக்குவது ஒரு கையால் நடக்கும், அவிழ்ப்பதும் அப்படியே. சத்தம் இல்லை.

புளியமரம் உருண்டை இல்லை, வரப்பு வரப்பாக இருக்கும். அதனால் மேலே ஒரு கட்டு மட்டும் போட்டால் துண்டின் அடி பக்கவாட்டில் ஆடுகிறது. அடியில் இன்னொரு சின்னக் கட்டு போடுகிறேன். தைல மரத்தில் இந்த முறையை நம்ப வேண்டாம். அதன் பட்டை உரிந்து கயிற்றோடு வந்துவிடும்.

அமெரிக்கக்காரர்கள் மெலிசான ஒரு கயிறு வைத்திருக்கிறார்கள், டைனீமா என்ற உறுதியான செயற்கை நாரில் பின்னியது. 3 மி.மீ. தடிமனே ஏறத்தாழ ஆயிரம் கிலோ இழுவையில்தான் அறும், நீளம் கொடுப்பதும் மிக மிகக் குறைவு. அதில் வரிசையாகக் கண்ணி பின்னி, மரத்தின் பருமனுக்கு ஏற்ற கண்ணியைக் கொம்பில் மாட்டிவிடுகிறார்கள். நானும் ஒரு துண்டுக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். எடையே தெரியவில்லை. ஆனால் நார் வழவழப்பு என்பதால் சாதாரண முடிச்சு நிற்காது, கயிற்றுக்குள்ளேயே கயிற்றைச் செருகிப் பின்னத் தெரிய வேண்டும். விலையும் ஜாஸ்தி. தோளில் சுமந்து நாலு மைல் நடக்கிறவர்களுக்கு அது லாபம். ஒரே மரத்தில் ஏறும் எனக்கு பாலியஸ்டரே போதும்.

எந்தக் கயிறானாலும், மின்வாரிய ஆட்கள் கம்பத்தில் ஏறும்போது போடுவது போல இடுப்பு பெல்ட்டிலிருந்து மரத்தைச் சுற்றி ஒரு தனிக் கயிறு கட்டாயம். நான் அதைப் போடாமல் ஏறிய நாள்தான் அந்த நைலான் இறங்கிய நாள்.

கயிறு வெட்டும்போது மரத்தின் சுற்றளவோடு நாலு அடி கூட்டிக்கொள்ளுங்கள். எங்கள் மரம் அடியில் எட்டு அடி சுற்று, பரண்கிட்டே ஐந்து அடி. எல்லாத் துண்டுக்கும் பன்னிரண்டு அடியாகவே வெட்டி வைத்திருக்கிறேன். எது எங்கே போகும் என்று இருட்டில் தேட வேண்டியதில்லை.