சும்மா இருந்தால் விழும் நெட்வொர்க் கார்டு: லினக்ஸில் ஒரு நெடுநாள் அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினியை நெட்வொர்க்கோடு இணைக்கும் இந்தக் கார்டு இப்போது விழுவதில்லை (அதாவது இணைப்பு செத்துப்போவதில்லை), வேகத்திலும் குறையில்லை. ஆனால் வாங்கிய அமைப்போடு அப்படியே விட்டால், இதை நம்பி ஒரு சர்வரை ஓட விட்டு வெளியூர் போக முடியாது. மதர்போர்டிலேயே பதித்து வரும் மலிவு ரக கிகாபிட் கார்டுகள் பலவற்றுக்கும் இது பொருந்தும் என்பதால் தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

இடம், மாமாவின் போட்டோ ஸ்டுடியோ. ஒரு சின்ன மினி பிசி, அதில் டெபியன் என்ற லினக்ஸ். கல்யாணப் படங்களும் வீடியோக்களும் பகலில் அதில் வந்து சேரும், இரவு 2 மணிக்கு ஆர்சிங்க் என்ற நிரல் இன்னொரு வட்டுக்குப் பிரதி எடுக்கும். டெபியன் 12 வந்தபிறகு கார்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரும் நிறுவும் கோப்பிலேயே சேர்ந்து வந்துவிடுகிறது. அதற்கு முன் தனியாகத் தரவிறக்கி, பென்டிரைவில் போட்டு ஊட்ட வேண்டியிருந்தது. ஆக, நிறுவுவதில் சிக்கலே இல்லை. சிக்கல் அப்புறம்தான்.

வாரத்துக்கு ஒருமுறையாவது மாமாவிடமிருந்து போன் வரும். "மாப்ளே, லைட்டெல்லாம் எரியுது, ஆனா உள்ள போக மாட்டேங்குது." அவர் சொன்னது சரிதான். சுவிட்ச்சில் பச்சை விளக்கு எரியும். சர்வரில் மானிட்டரை மாட்டிப் பார்த்தால் இணைப்பு இருப்பதாகவே லினக்ஸின் மையமான கர்னலும் சொல்லும். பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் மட்டும் போகாது. கர்னலின் பதிவேடான லாக்கில் ஒரே வரி: நெட்டெவ் வாட்ச்டாக், கார்டை இயக்கும் நிரலான டிரைவரின் பெயர், டிரான்ஸ்மிட் க்யூ 0 டைம்டு அவுட் (அனுப்பும் வரிசை கெடு தாண்டிவிட்டது).

இந்த வரி எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அனுப்ப வேண்டிய பாக்கெட்டுகளை டிரைவர் நினைவகத்தில் ஒரு வளையத்தில் வரிசையாக வைத்து, 'இது உன்னுடையது' என்று ஒவ்வொன்றிலும் ஒரு பிட்டைப் போட்டுக் கார்டிடம் கொடுக்கும். அனுப்பி முடித்ததும் கார்டு அந்த பிட்டை அழித்துவிட்டு இன்டரப்ட் என்ற சைகையை அடிக்கும். அந்த பதில் வராவிட்டால் வளையம் நிரம்பும், வரிசை நிற்கும். டிரைவர் வேறு கெடு வைக்காவிட்டால் 5 நொடி பார்த்துவிட்டு, கர்னலின் காவல் நிரல் இந்த வரியை எழுதி, கார்டை ரீசெட் செய்யும்படி டிரைவரிடம் சொல்லும். அதாவது லாக்கில் டிரைவரின் பெயர் இருப்பது, பதில் வராமல் காத்திருந்தது அது என்பதால். தப்பு அதனுடையது என்று அதற்குப் பொருள் இல்லை.

சில நாள் அந்த ரீசெட்டிலேயே சரியாகிவிடும், ஸ்டுடியோவில் யாருக்கும் தெரியாது. மோசமான நாட்களில் கார்டு திரும்பி வராது. அப்போது கணினியில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்தால், கார்டின் பெயருக்குப் பக்கத்தில் வழக்கமான ரிவிஷன் எண்ணுக்குப் பதிலாக 'எஃப்எஃப்' என்று நிற்கும். அப்படி ஒரு ரிவிஷன் கிடையாது. கார்டின் எந்த ரெஜிஸ்டரை (உள் நினைவிடத்தை) படித்தாலும் எல்லா பிட்டும் 1 என்றே வருகிறது, கார்டு இணைந்திருக்கும் பிசிஐ பஸ்ஸில் பதில் சொல்ல ஆளே இல்லை என்று அர்த்தம். கர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் வழியாகக் கார்டை நீக்கி மறுபடி தேடச் சொன்னால் எப்போதாவது கிடைக்கும். ரீபூட் செய்தாலும் பல சமயம் பலிக்காது, ஏனென்றால் நெட்வொர்க் வழியாகக் கணினியை எழுப்பும் வேக்-ஆன்-லேனுக்காக இந்தக் கார்டுக்குக் கணினி அணைந்திருக்கும்போதும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினால்தான் தெளியும். யுபிஎஸ் வாங்குவதற்கு முன் கரண்ட் போகிற நாட்களில் தானாகவே சரியானதாம். யுபிஎஸ் வந்தபிறகு அந்தச் சிகிச்சையும் போயிற்று.

வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியங்களை எல்லாம் பார்த்தாயிற்று. கேபிள், சுவிட்ச் போர்ட், ஈத்டூல் என்ற கட்டளையில் ஆஃப்லோடுகளை (கார்டே செய்யும் பாக்கெட் வேலைகளை) அணைப்பது, மின்சிக்கன ஈத்தர்நெட்டை அணைப்பது: எதிலும் மாற்றமில்லை. கர்னல் லாக்கை வேறு கணினிக்கு அனுப்பும் நெட்கன்சோல் பற்றி ஒரு நண்பர் சொன்னார். விழுவதே நெட்வொர்க் என்னும்போது அது எந்த வழியாகப் போகும்?

தயாரிப்பாளரின் சொந்த டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை. கர்னலுக்கு வெளியே உள்ள டிரைவரைக் கம்பைல் செய்து தரும் டிகேஎம்எஸ் மூலம் போட்டால் ஒவ்வொரு கர்னல் புதுப்பிப்பிலும் அது மறுபடி கம்பைல் ஆக வேண்டும். ஒருநாள் ஆகவில்லை. கர்னலோடு வரும் டிரைவர் பிளாக்லிஸ்டில் (ஏற்றக்கூடாதவை பட்டியலில்) இருந்ததால் கணினி நெட்வொர்க்கே இல்லாமல் எழுந்தது. சரிசெய்யத் தேவையான பொதிகளை இறக்க நெட்வொர்க் வேண்டும்! போனை யுஎஸ்பியில் மாட்டி, அதன் இணையத்தில் மீட்டெடுத்தேன். கர்னலோடு வரும் டிரைவரையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

திருப்பம் லாக்கின் நேரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது கிடைத்தது. பெரிய கோப்புகள் நகலாகும்போது ஒருமுறைகூட விழுந்ததில்லை. எல்லாமே வேலை குறைந்த நேரங்கள்: மதியச் சாப்பாட்டு வேளை, கடை மூடியபின், விடியற்காலை. நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் போட்டு இரவு முழுக்க முழு வேகத்தில் அடித்தும் கார்டு அசையவில்லை. பிறகு சோதனையைத் திருப்பிப் போட்டேன். நாலு பாக்கெட் அனுப்பு, கொஞ்சம் நிறுத்து, மறுபடி நாலு அனுப்பு, நிறுத்தும் நேரத்தை மாற்றிக்கொண்டே இரு. ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

சுமை அதைக் கொல்லவில்லை, தூக்கம்தான் கொன்றது. பிசிஐ எக்ஸ்பிரஸில் ஏஎஸ்பிஎம் என்ற மின்சிக்கன ஏற்பாடு உண்டு. போக்குவரத்து இல்லாவிட்டால் இணைப்பு எல்1 என்ற தூக்க நிலைக்குப் போகும். அதன் உள்நிலையான எல்1.2-இல் கடிகாரத் துடிப்பையே நிறுத்திவிடலாம். வேலை வந்ததும் மைக்ரோநொடிக் கணக்கில் விழிக்க வேண்டும். கார்டு, மதர்போர்டின் இணைப்பு, கணினியைத் தொடங்கி வைக்கும் பயாஸ் இந்த மூன்றில் ஒன்று கணக்குத் தவறினாலும் விழிப்பு நடக்காது. ஓயாமல் தரவு ஓடினால் தூங்கவே வாய்ப்பில்லை, அதனால் சுமைச் சோதனைகள் எல்லாம் பாஸ்.

டிரைவரைத் தாண்டிப் பார்க்க வைத்தது 2013-இல் வெளிவந்த ஒரு சம்பவம். கிறிஸ்டியன் கீல்ஹோஃப்னர் என்ற பொறியாளர், இன்டெல் 82574எல் கார்டுகள் சில திடீரென்று செத்துப்போவதைத் துரத்திக்கொண்டு போனார். பாக்கெட்டின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் 2 என்ற எழுத்து வந்தால் கார்டு விழுந்துவிடுகிறது, மின்சாரத்தைத் துண்டித்தால்தான் எழுகிறது. அதே இடத்தில் 4 முதலில் வந்துவிட்டால் அதன்பின் 2 வந்தாலும் ஒன்றும் ஆகாது. கடைசியில், ஒரு மதர்போர்டு தயாரிப்பாளர் கார்டின் அமைப்புகளைச் சேமிக்கும் ஈப்ராமைத் தவறாக எழுதியதே காரணம் என்று இன்டெல் சொன்னது.

தீர்வுக்கு வருவோம். எல்லோரும் சொல்வது, கணினி தொடங்கும்போது கர்னலுக்குத் தரும் பூட் வரியில் 'பிசிஐஇ ஏஎஸ்பிஎம் ஆஃப்' என்று போடு என்பது. போட்டேன், மறுபடியும் விழுந்தது. கர்னல் ஆவணத்தைப் படித்தால், அந்த ஆஃப் என்பது ஏஎஸ்பிஎம் அமைப்பில் கர்னல் கைவைக்காமல் இருப்பதற்கு. பயாஸ் ஏற்கெனவே இயக்கி வைத்திருந்தால் அது அப்படியே ஓடும். எல்எஸ்பிசிஐயின் விரிவான வெளியீட்டில் லிங்க் கன்ட்ரோல் வரியைப் பார்த்தேன், 'எல்1 எனேபிள்டு' என்று சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. பூட் வரியிலிருந்த அந்த ஆஃபை எடுத்துவிட்டு, ஏஎஸ்பிஎம் கொள்கையை 'பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றியதும் அந்த வரி 'டிஸேபிள்டு' ஆனது, விழுவதும் நின்றது.

ஆனால் அது எல்லாச் சாதனங்களுக்கும் சேர்த்து மின்சிக்கனத்தை அணைக்கிறது. எஸ்எஸ்டி ஒரு பாவமும் செய்யவில்லை. கர்னல் 5.5 முதல் ஒவ்வொரு சாதனத்துக்கும் சிஸ்எஃப்எஸ்ஸில் லிங்க் என்ற அடைவு இருக்கிறது. அதில் எல்1 கோப்பில் 0 எழுதினால் அந்தக் கார்டுக்கு மட்டும் தூக்கம் ரத்து. சாதனம் கண்டறியப்பட்டதும் ஓடும் ஒரு யூடெவ் விதியில் இதை எழுதி வைத்திருக்கிறேன். இது வேலை செய்ய பூட் வரியில் அந்த ஆஃப் இருக்கக்கூடாது.

அதன்பின் பல கர்னல் புதுப்பிப்புகளைக் கடந்துவிட்டது. மினி பிசியில் தனிக் கார்டு போட இடமில்லை. உங்கள் கணினியில் காலி ஸ்லாட் இருந்தால் இவ்வளவு பாடுபடாமல் நல்ல கார்டு ஒன்றை வாங்கிப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் யுஎஸ்பி ஈத்தர்நெட் அடாப்டர் ஒன்று மேசை இழுப்பறையில் இருக்கட்டும். பயாஸ் புதுப்பித்தால் மட்டும் லிங்க் கன்ட்ரோல் வரியை மறக்காமல் ஒருமுறை பாருங்கள்.